விறாந்தை ஓவியக் கழகம்

யாழ்ப்பாணத்து வீடொன்றுக்குப் பெயின்ற் வாளி வருகிறதென்றால் காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வீட்டில் சாமத்திய வீடு; வீட்டில் கலியாணம்; அல்லது கனடாவிலிருந்து ஆள் வருகிறது. முதல் இரண்டுக்கும் முன்பக்கச் சுவர் அடித்தால் போதும். மூன்றாவதற்குக் குளியலறைக்கும் அடிக்க வேண்டும். சும்மா சந்தோசத்துக்காகப் பெயின்ற் மூடியைத் திறந்த குடும்பம் எங்கள் ஒழுங்கையில் இருந்ததாக ஊர் வரலாறு சொல்லவில்லை.

அதனால்தான், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சாள் ரொறன்ரோவிலிருந்து ஒரு கட்டுக் கன்வஸும் ஒரு பெட்டி அக்ரிலிக் ரியூப்பும் கொண்டுவந்து மேசையில் வைத்து, "பிள்ளையள் சும்மா கீறி விளையாடட்டும்" என்றபோது, வீட்டில் ஒருவருக்கும் அடுத்து என்ன செய்வதென்று விளங்கவில்லை. வெளிநாட்டுச் சாமான் வந்தால் எங்களுக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தோம். சோக்கேசுக்குள் வைத்துப் பூட்டினோம். அங்கே ஏற்கெனவே ஒருநாளும் தேத்தண்ணி காணாத ஒரு தேத்தண்ணிச் செற்றும், உள்ளே ஊசிநூல் குடியிருக்கும் பிஸ்கற் பேணியும், மணம் போய்விடும் என்ற பயத்தில் அமத்தாமலே மணம் போய்விட்ட சென்ற் போத்தலும் இருக்கின்றன. பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா போகமுதல் ஒரு படமாவது கீறி முடியுங்கோ. இல்லாட்டி அங்க போய், குடுத்ததைப் பூட்டி வைக்கிற சனமெண்டு கதைப்பா" என்றாள் மனுசி. குடும்ப மானம் சம்பந்தப்பட்டுவிட்டதால் திறப்பை எடுத்துக் கொடுத்தேன்.

என் கஞ்சத்தனத்துக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். தொண்ணூறுகளின் முதல் பாதியில் பள்ளிக்கூடம் போனவன் நான். பொருளாதாரத் தடைக்காலம். ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றி எரித்த வெளிச்சத்தில் படித்தோம். பத்திரிகைக் கடதாசி கிடைக்காமல் உதயன் பேப்பரே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. எங்களுக்குக் கறுப்பு நிறம் என்றால் விளக்குப் புகைக்கரி, வெள்ளை என்றால் அண்ணன் பள்ளிக்கூடத்தில் எடுத்துவந்த சோக்குக் கட்டி. பிறகு ஒருமாதிரி எல்லாம் தாராளமாகி, மனமும் கொஞ்சம் தளர்ந்து வரும்போது 2022 வந்தது. டொலர் இல்லை, தாள் இல்லை என்று மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். இப்படிப்பட்டவன் கையில் வெள்ளைக் கன்வஸைக் கொடுத்து, "சும்மா கீறுங்கோ" என்றால், கீறுவானா, காணி உறுதியோடு சேர்த்து அலுமாரிக்குள் வைப்பானா?

எதையும் படித்துவிட்டுச் செய்வதே யாழ்ப்பாணத்தான் வழக்கம். பிள்ளைகள் பிறஷோடு காத்திருக்க, நான் புத்தகத்தை எடுத்தேன். ஓவியர் மாற்குவைக் கௌரவித்து 1987இல் வந்த 'தேடலும் படைப்புலகமும்' எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா வாங்கியது. இதுநாள்வரை அதைப் பெரும்பாலும் சட்டை மடிப்புக் குலையாமல் பாரம் வைக்கத்தான் பாவித்திருக்கிறோம். அதைப் புரட்டவும், அங்குமிங்கும் தேடிப் படிக்கவும், குடாநாட்டில் ஓவியம் ஒன்றும் நேற்றுக் கனடாவிலிருந்து வந்து இறங்கவில்லை என்று தெரிந்தது. 1920களில் இலங்கைப் பள்ளிக்கூடங்களுக்குப் பிரதம சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர் சி.எஃப். வின்சர் என்ற வெள்ளைக்காரர். அவருடைய பெயரைச் சூட்டி, சித்திர வித்தியாதரிசி எஸ்.ஆர். கனகசபை 1938இல் யாழ்ப்பாணத்தில் வின்சர் ஓவியக் கழகத்தைத் தொடங்கியிருக்கிறார். 1959இல் மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்று இன்னொன்றைத் தொடங்கினார். குருநகர்க்காரர். அவரிடம் படித்த பிள்ளைகளில் சிலர் இன்று வெளிநாடுகளில் கண்காட்சி வைக்கும் ஓவியர்கள். 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது அவருடைய படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. அதை வாசித்தபோது, சோக்கேசின் திறப்பை இறுக்கிப் பிடித்திருந்த என் கையை நானே ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை. பிள்ளைகள் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்ற பெயர் மட்டும் என்னைப் பிடித்துக்கொண்டது. ஓகஸ்ட் விடுமுறை. ஓவியர் இருவர். ஏன் கூடாது? அந்த இடத்திலேயே விறாந்தை ஓவியக் கழகத்தைத் தொடங்கினேன். தலைவர் நான், செயலாளர் நான், பொருளாளர் மனுசி. ஊரில் எந்தக் கழகம் தொடங்கினாலும் முதல் வேலை தலைவர் உரை என்பதால் உரையாற்றினேன்.

"பிள்ளையள், கன்வஸ் எண்டது முந்தி கப்பல் பாய்த்துணி. வெனிஸ் எண்டொரு ஊர், கடலுக்குள்ள இருக்கிற ஊர். ஈரத்தில சுவர்ப் படமெல்லாம் பழுதாப் போக, அங்கத்தைய ஓவியர்மார் பாய்த்துணியில கீறத் தொடங்கினவை. எங்கட ஆக்களுக்கும் பாய்த்துணி புதுசில்லை. வல்வெட்டித்துறையில கட்டின அன்னபூரணி எண்ட பாய்க்கப்பல் அமெரிக்காவில குளோஸ்ரர் துறைமுகம் மட்டும் போனது. எந்த ஆண்டு தெரியுமோ? 1938. வின்சர் கழகம் தொடங்கின அதே..."

"கப்பலைக் கீறுங்கோ அப்பா" என்றான் சின்னவன்.

தலைவர் உரை அத்துடன் முடிவடைந்தது. கப்பல் கீறத் தெரிந்தவன் இப்படி உரையாற்றிக்கொண்டு நிற்பானா?

எனக்குக் கீறத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதை 'இயற்கைக் காட்சி' என்பார்கள். இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், சூரியனுக்குக் கீழிருந்து வளைந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு குடிசை, சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். மகிழ்ச்சியோடு தொடங்கினேன். மலை நன்றாகவே வந்தது. மூத்தவள் முழங்காலில் கை ஊன்றிக் குனிந்து பார்த்தாள்.

"உது எங்க இருக்கு அப்பா?"

"எங்கயோ."

"நீங்கள் போனனீங்களோ?"

"இல்லை."

"அப்ப என்னண்டு தெரியும்?"

"எங்கட மாஸ்ரர் கரும்பலகையில கீறிக் காட்டினவர்."

"அவர் போனவரோ?"

அவரும் போயிருக்கமாட்டார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் குடாநாட்டில் மலை கிடையாது. கீரிமலையிலும் கிடையாது. ஆறு என்று சொல்ல வழுக்கையாறு இருக்கிறது. அதுவும் மாரியில் மழை பெய்தால்தான் ஓடும். சுண்ணாம்புக் கல்லைக் குடைந்து கிணறு வெட்டி, அந்தத் தண்ணீரில் வெங்காயமும் புகையிலையும் வைத்துச் சீவிக்கிற சனம், சித்திரக் கொப்பியில் மட்டும் தலைமுறை தலைமுறையாக நுவரெலியாவைக் கீறிக்கொண்டிருக்கிறது. கண்முன்னால் நிற்கும் பனையை ஒருவரும் கீறுவதில்லை. பனை ஓலையின் விரிவைக் கீறுவது கஷ்டம் என்பதுதான் உண்மை. தென்னைக்கு நாலு இழுப்புப் போதும்.

சின்னவன் இந்த விவாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அவன் ரியூப்புகளைப் பிழிந்துகொண்டிருந்தான். எங்கள் குடும்பத்தில் பற்பசை முடிந்தால் ரியூப்பை உருட்டுவோம். உருட்டியும் முடிந்தால் கத்தரிக்கோலால் வெட்டி, உள்ளே வழித்துப் பல் தீட்டுவோம். அந்த வம்சத்தில் பிறந்தவன் நீலத்தை முழுதாகத் தட்டில் இறக்கிவிட்டு, அடுத்து மஞ்சளைக் கையில் எடுத்தான். "கொஞ்சம், ராசா, கொஞ்சம். குண்டூசித் தலையளவு" என்றேன். குண்டூசியை அவன் கண்டதில்லை.

வெயிலும் சோளகக் காற்றும் அடிக்கும் ஓகஸ்ட்டில் அக்ரிலிக்கைச் சேமிக்கவும் முடியாது. அது தண்ணீரில் கலந்திருக்கும் பிளாஸ்ரிக். தண்ணீர் பறந்ததும் பிளாஸ்ரிக் மட்டும் மிஞ்சும். பிறகு தண்ணீருக்கு அசையாது. தட்டில் கிடந்த நிறம் நான் அறிவுரை சொல்லி முடிப்பதற்குள் அப்பளமாகிவிட்டது. மாமி பூக்கன்றுக்கு அடிக்கும் தண்ணீர்ப் போத்தலை எடுத்துவந்து இடைக்கிடை விசிறினால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. இதை மட்டும் நான் உருப்படியாகக் கண்டுபிடித்தேன். போத்தல் என்னிடமிருந்து உடனே பறிக்கப்பட்டது என்பது வேறு விசயம்.

நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை எல்லாவற்றையும் சின்னவன் உள்ளங்கையால் ஒன்றாக்கினான். எனக்கு விஞ்ஞானம் நினைவுக்கு வந்தது. எட்டாம் வகுப்பில் நியூற்றன் தட்டுச் செய்து சுழற்றி, ஏழு நிறமும் சேர்ந்தால் வெள்ளை வரும் என்று நிறுவிக் கைதட்டு வாங்கியவன் நான். "பார், இப்ப வெள்ளை வரும்" என்று சொல்லத்தான் வாய் எடுத்தேன். தட்டில் சாணி நிறம் வந்திருந்தது. ஒளியோடு ஒளி சேரச் சேர வெளிச்சம் கூடும். பெயின்ற்றில் ஒவ்வொரு நிறமும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுவதால், சேரச் சேர இருட்டிக்கொண்டு போகும். இந்த வித்தியாசத்தை நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று நான் வசனம் தேடிக்கொண்டிருக்க, அவன் சிம்பிளாக முடித்துவிட்டான்: "மண்."

சொன்னதோடு நிற்காமல் வாழையடிக்குப் போய், சிரட்டை நிறையச் செம்மண் அள்ளிவந்து பெயின்ற்றில் குழைத்தான்.

"ஐயோ, வீடு முழுக்க மண்! தம்பி, நீங்களும் பாத்துக்கொண்டு நிக்கிறியளே!" என்று குசினி வாசலிலிருந்து மாமி.

"மாமி, வலிகாமத்துச் செம்மண்ணில சிவப்பு எங்கயிருந்து வந்தது? இரும்பு ஒட்சைட்டு. கோயில் மதிலில நாங்கள் அடிக்கிற காவியும் அதுதான். குகையில படம் கீறின ஆதிமனுசனும் அதைத்தான்..."

"அவன்ர மனுசி கூட்டினவளோ, நீங்கள் கூட்டுங்கோ" என்று மாமி தும்புத்தடியை நீட்டினார். கூட்டிக்கொண்டே பேச்சைத் தொடர்ந்தேன். ஒருவரும் நிற்கவில்லை.

இதற்கிடையில் மூத்தவள் ஒரு மூலையில் இருந்து, யாரிடமும் எதுவும் கேளாமல், ஒரு கன்வஸ் முழுக்கக் கீறி முடித்திருந்தாள். எங்கள் வீடு. சுவர் இருக்கிறது, ஆனால் உள்ளே நடப்பதெல்லாம் தெரிகிறது. குசினியில் அம்மா தேங்காய் திருவுகிறாள். கிணற்றடியில் அம்மம்மா உடுப்புத் தோய்க்கிறா. கிணற்றுக்குள்ளே ஒரு வாளியும் ஒரு மீனும். பெரியம்மா ரெலிபோனில் கதைக்கிறா. சின்னவன் கூரையில் நிற்கிறான். எல்லோருக்கும் கழுத்தும் உடம்பும் இல்லை, தலையிலிருந்தே நேரடியாகக் கால். நடுவில், எல்லாரையும்விடப் பெரிதாக, உடம்போடு கீறப்பட்ட ஒரே ஆள் நான். சாய்மனைக் கதிரையில் கிடக்கிறேன். உடம்பு என்பது வயிறு மட்டும்தான். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கோடு.

"எனக்கு வயிறே இல்லை, பாத்தியளோ?" என்று மனுசி சந்தோசப்பட்டாள். நான் விடவில்லை. உலகம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள் இப்படித்தான் தலையில் காலை ஒட்டிக் கீறுவார்கள், ரோடா கெலொக் என்ற அமெரிக்கப் பாலர் பள்ளி ஆசிரியை பத்து இலட்சத்துக்கு மேல் பிள்ளைகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்து 1969இல் புத்தகமே எழுதியிருக்கிறார், சுவருக்குள்ளால் உள்பக்கம் தெரிவதும் அந்த வயதின் இயல்பு என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன்.

"அப்ப உங்கட வயிறு?"

அதற்குக் கெலொக் என்ன சொல்கிறார் என்று நான் இன்னும் தேடவில்லை. வியன்னாவில் ஃபிரான்ஸ் சிசெக் என்பவர் 1897இலேயே சிறுவர் ஓவிய வகுப்பு நடத்தி, பெரியவர்கள் கை வைக்காமல் பிள்ளைகளைத் தங்கள் பாட்டுக்குக் கீறவிட்டாராம். நல்ல கொள்கை. ஆனால் அவரை யாரும் குண்டாகக் கீறியிருக்கமாட்டார்கள்.

கன்வஸ் காயட்டும் என்று என் சாய்மனைக் கதிரையிலேயே சாத்தி வைத்துவிட்டார்கள். படுக்க இடமில்லை. நல்லூரில் கொடி ஏறினால் வீட்டில் மரக்கறிதான். ஆனாலும் அன்று கத்தரிக்காய்க் குழம்பு கொஞ்சம் பிந்தியும் கூடவும் இறங்கியிருந்தது. சேட்டைக் கழற்றிவிட்டு, விறாந்தைச் சீமெந்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுத்தேன். இடையில் முதுகில் ஒரு குளிர்ச்சி பரவியது. சோளகம் நன்றாக வீசுகிறது என்று நினைத்தபடியே தூங்கிப்போனேன்.

எழும்பியபோது பின்னேரத் திருவிழாவுக்கு நேரமாகிவிட்டது. நல்லூரைப்பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அங்கே மணி அடிக்கிற நேரம் அடித்தே தீரும், அமைச்சர் வந்தாலும் வராவிட்டாலும் சாமி அந்த நேரத்துக்கு வெளிக்கிடும். மாமி படலையில் நின்று கூப்பிடுகிறா. முழுக நேரமில்லை. கால் முகத்தைக் கழுவி, வேட்டியைக் கட்டி, சால்வையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். நல்லூருக்கு இன்னொரு விதியும் உண்டு. ஆண்கள் மேலுடம்பில் சேட்டோடு உள்ளே போக முடியாது. வாசலில் சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினேன்.

எனக்குப் பின்னால் கூட்டம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. பக்தி என்று நினைத்தேன். பிறகு ஒரு முதியவர் என் தோளைத் தொட்டார்.

"தம்பி வெளிநாட்டில இருந்தோ?"

"இல்லை ஐயா, இஞ்சதான்."

"இல்லை, முதுகில பச்சை குத்தியிருக்கு, அதுதான் கேட்டனான். பருத்தித்துறை பஸ் தானே?"

சி.ரி.பி. பஸ் தான். நல்ல சிவப்பு. ஒரே பக்கத்தில் நாலு சில்லு என்றும், சாரதி என் இடது தோளில் இருப்பதாகவும், அவருக்கும் தலையிலிருந்தே கால் என்றும் பிறகு மனுசி எடுத்த படத்தில் பார்த்தேன். சின்னவனுக்குக் கன்வஸ் எட்டவில்லை. பாயில் கிடந்தது எட்டியது. கன்வஸில் பூசுவதற்கு முன் மேற்பரப்பு அசையாமல், எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் நான்தான் சொல்லியிருந்தேன். எண்ணெய் முழுக்கு இல்லாத தகப்பன் அதற்குத் தோதுதான்.

சால்வையால் மூடலாம் என்று கையை உயர்த்தினேன். காய்ந்த அக்ரிலிக் தோலை இழுத்து, பின்சில்லு ஒன்று உரிந்து விழுந்தது. அதற்குள் சாமி வெளியே வர, சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் மண்ணில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்து கும்பிட்டேன். வேறு என்ன செய்வது? பஸ் முழுதாகத் தெரிந்தது. பின்னால் பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்து, சிரித்ததை இருமலாக மாற்றுவது கேட்டது. அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமல்.

இதில் யாருமே எதிர்பாராத ஆபத்து மாமியிடமிருந்துதான் வந்தது. படத்தைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதுகை மேலும் கீழும் நிதானமாகப் பார்த்துவிட்டு, வெளிவீதியில் கச்சான் வாங்கும்போது மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, முழுகிட்டோ வந்தனீங்கள்?"

முழுகியிருந்தால் பஸ் இருந்திருக்காது. பஸ் இருக்கிறது. வழக்கறிஞர் வைத்து வாதாடினாலும் தப்ப முடியாத சாட்சி. அன்றிரவு கிணற்றடியில் தேங்காயெண்ணெயும் பீர்க்கம் தும்பும் வைத்து மனுசி உரஞ்ச, சின்னவன் பக்கத்தில் நின்று தன் பஸ் அழிகிறதே என்று அழுதான். "சில்லை மட்டும் விடுங்கோ அம்மா" என்று கெஞ்சினான்.

கன்வஸ் முடிந்துவிட்டது. ரியூப்பில் வெள்ளை மட்டும் மிச்சம். மச்சாளும் வீட்டுப் படத்தைச் சூட்கேசில் வைத்துக்கொண்டு பறந்துவிட்டா. என் வயிறு இப்போது ரொறன்ரோவில் ஒரு குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே சுவரில் தொங்குகிறதாம். ஆனால் கழகத்தின் பெயர் ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. இரண்டு பிள்ளைகள் ஒரு விறாந்தையில் கூடி ஏதாவது செய்கிறார்கள் என்றால் அது ரியூசன்தான் என்பது யாழ்ப்பாணத்தின் அசையாத நம்பிக்கை. மூலைவீட்டுப் பெண் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து படலையில் நின்றா.

"அண்ணை, சித்திர வகுப்பு எடுக்கிறியளாம்."

"வகுப்பு இல்லைத் தங்கச்சி, சும்மா விளையாட்டு."

"விளையாட்டெண்டாலும் பரவாயில்லை. புலமைப்பரிசிலுக்கு உதால ஏதும் புள்ளி வருமோ?"

"வராது."

"அப்ப ஆறாம் வகுப்பில சித்திரம் எடுக்க உதவுமோ? பாஸ்ட் பேப்பர் செய்விக்கிறியளோ?"

"தங்கச்சி, சத்தியமா ஒண்டும் செய்விக்கிறேல்லை. பிள்ளையள் தங்கட பாட்டுக்குப் பெயின்ற்றைப் பூசுறதுகள். நான் படுத்துக் கிடக்கிறனான்."

அவ கொஞ்சம் யோசித்தா. "நல்ல மாஸ்ரர்மார் எல்லாம் அப்பிடித்தான் சொல்லுவினம். மாசம் எவ்வளவு அண்ணை?"

காசு வேண்டாம் என்று சொல்லி, கதவடியில் இருந்த எங்கள் மனுசியின் முகத்தைப் பார்த்தேன். அவ போன பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆயிரத்தைஞ்ஞூறு எண்டு சொல்லியிருக்கலாம். தேங்காயெண்ணெய்க் காசாவது வந்திருக்கும்."